பத்திக்காத கேஸ்

கதிர்,

ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து நீ போனில் இரண்டு விஷயம் கேட்டாய். நசரத்பேட்டையில் நீங்கள் குடிவரப்போகிற பிளாட்டுக்கு எந்த ஏசி வாங்குவது என்று கேட்டாய். நித்யாவின் வளைகாப்புக்குச் செல்வி சித்தியைக் கூப்பிட்டால் வருவாரா என்று கேட்டாய். அடுப்பில் பால் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை. உன் இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதை இத்தனை வருடம் உன்னிடம் சொல்லாமலே வைத்திருந்துவிட்டோம். போனில் சொன்னால் நடுவில் குரல் உடையும், நீ பதறிப்போய் வண்டி ஏறி வந்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நித்யா தூங்கும்போது தனியாக உட்கார்ந்து படி. இந்த மாதத்தில் அவள் படிக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

உனக்கு நாங்கள் சொன்னதெல்லாம் இவ்வளவுதான். தாமு சித்தப்பா வேலை செய்துகொண்டிருந்தபோது ஏசி வெடித்து இறந்துபோனார். பிறகு பாரிவாக்கத்து நிலத்தைப் பங்கு பிரிப்பதில் மனக்கசப்பு வந்து, செல்வி சித்தி திருமழிசையில் தன் அண்ணன் வீட்டோடு போய்விட்டார். முதலாவது பாதி உண்மை. இரண்டாவது, கேட்டவர்கள் வாயை அடைக்க உன் அப்பா சொன்ன கதை. நிலத்தைப் பற்றி அந்தப் பெண் ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் எங்களை விட்டுப் போனதற்குக் காரணம் ஒரு வாயு. இப்படி எழுதினால் கிறுக்குத்தனமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏசி தயாரிக்கும் கம்பெனியில் என்ன வேலை பார்த்தேன் என்று சின்ன வயதில் நீ கேட்கும்போதெல்லாம் "மிஷினைச் சோதிக்கிற வேலை" என்று சொல்லி முடித்துவிடுவேன். அங்கே ஒட்டி ஒட்டி இரண்டு அறைகள் உண்டு. ஒன்றில் ஹீட்டர்களை வைத்து மே மாதத்து வெயிலை உண்டாக்குவோம். மற்றது ஒரு வீட்டுப் படுக்கையறை மாதிரி. நடுச்சுவரில் மிஷினைப் பொருத்தி, அந்தப் பக்கத்து வெயிலில் இந்தப் பக்கம் எவ்வளவு குளிர்கிறது, அதற்கு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று நாள் முழுக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்து எழுதுவது என் வேலை. இதைத் தாமு சித்தப்பாவிடம் முதல்முறை சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா அண்ணி இது! நீங்க ரூமுக்குள்ள குந்திகினு வெயில உண்டு பண்றீங்க. நான் வெயில்ல அலைஞ்சிகினு ஜில்லு உண்டு பண்றேன். ரெண்டு பேரும் ஒரே தொழில்தான் போ!" பூந்தமல்லியில் அவருக்கு ஒரு சின்ன ஏசி சர்வீஸ் கடை. பைக்கின் பின்சீட்டில் சிலிண்டரைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு ஆவடியிலிருந்து நசரத்பேட்டை வரைக்கும் ஓடுவார். ஒரு தடவை பழைய கம்ப்ரஸரை ஹாக்சா பிளேடால் அறுத்துப் பார்க்க உன்னை விட்டு, நீ விரலை வெட்டிக்கொண்டாயே, நினைவிருக்கிறதா? என்னிடம் திட்டு வாங்கப் பயந்து நாய் கடித்துவிட்டது என்று சொல்லிவிட்டார். நான் உன்னை இழுத்துக்கொண்டு ஊசி போடக் கிளம்பி, தெருமுனை வரை போன பிறகுதான் பின்னாலேயே ஓடிவந்து உண்மையைச் சொன்னார். நம்மோடு ஒரே வீட்டில் இருந்த அவருக்கும் சித்திக்கும் குழந்தை இல்லை. உன்னை வளர்த்ததில் பாதி அவர்கள்தான். நான் ஷிப்ட் முடிந்து வரும்போது பல நாள் நீ சித்தி கையால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போயிருப்பாய்.

நடந்ததைச் சொல்லும் முன் இந்த வாயுக்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள். ஏசிக்குள் சுற்றிச் சுற்றி வந்து அறையின் சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது ஒரு வாயு. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் இருந்த வாயு எரியாது. தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அது கசிந்து மேலே போனால் வானத்தின் ஓசோனை அரிக்கும், பூமியையும் சூடாக்கும் என்று கண்டுபிடித்தார்கள். அதற்குப் பதிலாக வந்ததும் எரியாது, ஓசோனை ஒன்றும் செய்யாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் பழையதற்குக் குறைந்ததில்லை. பிறகு பூமிக்கு அவ்வளவு கெடுதல் செய்யாத வாயுக்களைத் தேடினார்கள். கிடைத்தவை பெரும்பாலும் தீப்பற்றுகிறவை. சில லேசாகப் பற்றும், சில சமையல் கேஸ் மாதிரியே பற்றும். இது யாருடைய சதியும் இல்லை. காற்றில் சீக்கிரம் சிதைந்துபோகிற வாயுதான் வானத்தில் தங்கிச் சூடேற்றாது. சீக்கிரம் சிதைவது சுலபமாகத் தீயும் பிடிக்கும். எதற்கும் அசையாதது நெருப்புக்கும் அசையாது, நூறு வருடம் மேலேயே கிடக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னச் சந்து இருக்கிறதா என்று தேடுவதிலேயே என் வேலைக்காலத்தின் பின்பாதி போயிற்று.

நீ கோயம்புத்தூரில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த கோடையில், பூந்தமல்லியில் மாடியில் நடந்த ஒரு டியூஷன் சென்டரில் ஏசி குளிரவில்லை என்று சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். பழைய மிஷின். அதன் வெளிப்பெட்டி, மூன்று பக்கமும் சுவரும் முன்னால் ஷீட்டும் அடைத்த ஒரு குறுகலான பால்கனியில் இருந்தது. குழாயில் ஒரு ஜாயின்ட் கசிந்திருக்கிறது. அதை நெருப்பு கக்கும் டார்ச்சால் உருக்கி ஒட்ட வேண்டும். முதலில் உள்ளே மிச்சமிருந்த வாயுவைத் திறந்துவிட்டார். மிஷினின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் பழைய, எரியாத வாயுவின் பெயர்தான் இருந்தது. ஆனால் அதற்கு முந்தைய வருடமோ அதற்கும் முன்போ வேறு யாரோ ஒருவர் வந்து, அதில் எரிகிற வாயுவை அடைத்துவிட்டுப் போயிருக்கிறார். மலிவாகக் கிடைக்கும், பழைய மிஷினிலும் நன்றாகக் குளிரும் என்று அப்போது ஊரெல்லாம் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். ஸ்டிக்கரை மாற்ற வேண்டும் என்று அந்த ஆளுக்குத் தோன்றவில்லை. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. காற்றைவிடக் கனமானது, பால்கனித் தரையில் தண்ணீர் தேங்குகிற மாதிரி தேங்கிக் கிடந்தது. சித்தப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து டார்ச்சைப் பற்றவைத்தார்.

ஏசி வெடிக்கவில்லை, கதிர். அந்த மிஷினுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஒரு வாரத்துக்கு மேல் தீக்காய வார்டில் இருந்தார். உன் பரீட்சை முடியட்டும் என்று அப்பா உனக்குச் சொல்ல விடவில்லை. நீ வந்தபோது எல்லாம் முடிந்து, முகத்தை மூடிவிட்டிருந்தோம். உள்ளே ஒருவர்தான் போகலாம் என்பார்கள், ஆனால் அன்றைக்கு இருந்த நர்ஸ் என்னையும் செல்வியையும் சேர்த்தே விட்டார். கொசுவலை மாதிரி ஒன்றுக்குள் படுத்திருந்தார். பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. அதுதான் எங்களை ஏமாற்றியது, பிழைத்துவிடுவார் என்று நம்பினோம். "பழைய கேஸுன்னுதான் நெனச்சேன் அண்ணி," என்றார். "ஸ்டிக்கர்ல அப்டித்தான் போட்டுகினு இருந்துச்சு. நான் பாக்காம செய்யல அண்ணி, பாத்துட்டுத்தான் செஞ்சேன்." எனக்குத் தெரியும் தாமு, பேசாதே என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னா அண்ணி, உங்க கம்பெனில இத்தினி பேரு படிச்சவங்க கீறீங்க. பத்திக்காத கேஸ் ஒண்ணு கண்டுபுடிக்க மாட்டீங்களா?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். உதடு அப்படித்தான் வளைந்தது. "பாக்குறேன் தாமு," என்றேன். அந்த இடத்தில் வேறு என்ன சொல்வார்கள்? பக்கத்தில் நின்ற செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அது ஆறுதல் வார்த்தை. அவளுக்கு அது வாக்கு.

அதற்குப் பிறகு நம் வீட்டில் ஏசி என்ற பேச்சே எடுக்கக்கூடாது என்று ஆனது. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. படுக்கையறையில் இருந்ததை ஒரு நாள் அப்பா ஆள் வைத்துக் கழற்றிக் கொடுத்துவிட்டார். கழற்ற வந்த பையனை மணிக்கணக்கில் வாசலில் நிற்க வைத்து, "சன்னலைத் திற, கதவைத் திற, மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதிகம் பேசாத மனிதர் அன்றைக்குப் பேசினது அவ்வளவுதான். சுவரில் இருந்த ஓட்டையைச் சிமென்ட் வைத்துப் பூசினோம். அதற்குப் பிறகு எத்தனையோ கோடை வந்துபோயிற்று. லீவுக்கு வரும்போது நீ மொட்டை மாடியில் படுத்துப் புரண்டுகொண்டிருப்பாய், ஏன் வாங்கவில்லை என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்போது குழந்தைக்காகக் கேட்டிருக்கிறாய். கேட்க உனக்கு எவ்வளவு தயக்கமாக இருந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது.

சித்தப்பா போன அடுத்த வருடம், எரியாத, பூமிக்கும் கெடுதல் குறைந்த ஒரு புது வாயுக் கலவையை, வாயு தயாரிக்கிறவர்கள் எங்கள் கம்பெனியிடம் சோதித்துப் பார்க்கக் கொடுத்தார்கள். அந்த வேலையை எனக்குத்தான் தர வேண்டும் என்று பாலாஜி சாரிடம் போய்க் கேட்டேன். அவர் எங்கள் சோதனைப் பிரிவின் தலைவர், என்னைவிட வயதில் சின்னவர். என் வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியும். "மேடம், உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?" என்றார். இருக்காது சார் என்றேன். சின்னக் கண்ணாடிக் குடுவைக்குள் வாயுவையும் காற்றையும் கலந்து வைத்து, நடுவில் மின்பொறி விட்டுப் பார்ப்பதுதான் முதல் சோதனை. பொறி விட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. காற்றின் அளவைக் கூட்டி, குறைத்து, குடுவையைச் சூடாக்கி, மறுபடி மறுபடி பார்த்தோம். பொறி வந்து அணையும், குடுவை அப்படியே இருட்டாக இருக்கும். அந்த இருட்டைப் பார்த்து நான் சந்தோஷப்பட்ட மாதிரி என் வாழ்க்கையில் வேறெதற்கும் பட்டதில்லை. நீ பிறந்தபோதுகூட வலியில் அந்தச் சந்தோஷம் பாதி தெரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகச் செல்வியிடம் போனேன். "செல்வி, எரியலை," என்றேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. உள்ளே போய்ச் சித்தப்பா படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றிவைத்துவிட்டு வந்து, என் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். இறந்த நாளில்கூட அவள் அப்படி அழவில்லை.

சோதனை முழுதாக முடிவதற்கு முன் அவளிடம் போய்ச் சொன்னது தவறு. பாதி தெரிந்த நல்ல செய்தியை வீட்டுக்குக் கொண்டுபோகாதே, கதிர். கெட்ட செய்தியைக்கூடத் தாங்கிக்கொள்வார்கள், கொடுத்ததைத் திரும்ப வாங்குவதை யாராலும் தாங்க முடியாது.

அடுத்து வெயில் அறையில் மாதக்கணக்கில் மிஷினை ஓட்டினோம். உச்சி வெயிலில் குளிர்ச்சி கொஞ்சம் குறைந்தது, கரண்ட் கொஞ்சம் அதிகம் இழுத்தது. அதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் எழுதினேன். சோதனையை இதோடு முடித்திருக்கலாம். ஆனால் அந்த வாயு ஒரு கலவை. மூன்று நான்கு வாயுக்களைச் சேர்த்து, எரிகிறதை எரியாததைக் கொண்டு அடக்கி வைத்திருப்பார்கள். மிஷின் கசிந்தால் என்ன ஆகும்? கொடுத்தவர்களின் காகிதத்தில் கசிவுச் சோதனையும் இருந்தது. கசிந்தால் மிச்சத்தை முழுதாகக் காலி செய்துவிட்டுப் புதிதாக அடைக்க வேண்டும், அப்படிச் செய்தால் ஆபத்தில்லை என்று எழுதியிருந்தார்கள். நம் ஊரில் யார் காலி செய்கிறார்கள்? குறைந்ததற்கு மேலேயே அடைத்துவிட்டுப் போவார்கள். அடுத்த கோடையில் மறுபடி கசியும், மறுபடி அடைப்பார்கள். உன் சித்தப்பாவும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார், அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் யாரும் கேட்காமலே அந்த மாதிரிச் செய்து பார்த்தேன். மெதுவாகக் கசியவிட்டு, மேலே அடைத்து, வெயில் அறையில் ஓட்டி, மறுபடி கசியவிட்டு, மறுபடி அடைத்து. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எடுத்துக் குடுவையில் பொறி விட்டுப் பார்த்தோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகும் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும் முன், குடுவைக்குள் லேசான நீலமாக ஒன்று எழும்பி மேலே போய்த் தொட்டது. என்னோடு வேலை செய்த டெக்னீஷியன், "மேடம், பாத்தீங்களா?" என்றான். இன்னொரு தடவை பொறி விடு என்றேன். எரியாதது முதலில் கசிந்து வெளியே போய்விட்டது. அடக்கி வைக்க ஆள் இல்லாமல் எரிகிறது மட்டும் உள்ளே சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம். நீலம் வந்துகொண்டே இருந்தது. பாலாஜி சார் வந்து தானே ஒரு தடவை பொறி விட்டுப் பார்த்தார். "மேடம், அவங்க சொன்ன மாதிரி காலி பண்ணிட்டு அடைச்சா எரியலைல்ல? தப்பா அடைக்கிறவனுக்காக நாம ஏன் வேண்டாம்னு எழுதணும்?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நியாயமான கேள்விதான். "தப்பா அடைக்கிறவங்கதான் சார் வெளியில எல்லாரும்," என்றேன். "எரியும்னு எழுதி ஒட்டியிருந்தா மெக்கானிக் பயந்து செய்வான். எரியாதுன்னு எழுதி ஒட்டிட்டு உள்ள எரியுறது இருந்தா, தைரியமா டார்ச்ச பத்த வெப்பான். எங்க வீட்ல ஒருத்தர் அப்படித்தான் பத்த வெச்சாரு." வீட்டு ஏசிகளுக்கு இது வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், அவரும் போட்டார். எங்கள் கம்பெனி அந்த வாயுவைக் கைவிட்டது. லேசாக எரியக்கூடியது என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்டு, தீ முத்திரை ஸ்டிக்கரை ஒட்டி விற்கிற வாயுவுக்கே போனார்கள். மெக்கானிக்குகளைக் கூப்பிட்டு வகுப்பு எடுத்தார்கள். வந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள். வராதவர்கள் எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்?

செல்வியிடம் சொல்லத் தைரியம் வர எனக்குச் சில நாட்கள் ஆயிற்று. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினேன். கலவை, கசிவு, மேலே அடைப்பது, எத்தனை தடவை அடைத்தால் எவ்வளவு மாறுகிறது என்று எண்களோடு சொன்னேன். அவள் மடித்துக்கொண்டே கேட்டாள்.

"எரியாதுன்னு நீதானேக்கா சொன்ன?"

"சொன்னேன். அப்ப எரியலை செல்வி."

"இப்ப எரியுது."

"கசிஞ்சா எரியுது."

"அப்ப இன்னா கேஸ் போடப் போறாங்க? எரியறதா?"

"ஆமா. ஆனா எரியும்னு எழுதி ஒட்டிடுவாங்க. எப்படி வேலை செய்யணும்னு கத்துக் குடுப்பாங்க."

அவள் துணியைக் கீழே வைத்தாள். "எழுதி ஒட்டுவாங்களா? அந்த மிசினுலயுந்தான் எழுதி ஒட்டியிருந்துச்சு," என்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "அந்த மனுசன் உன்னாண்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. எனக்குக்கூட ஒண்ணும் சொல்லிட்டுப் போவல, உன்னாண்டதான் கேட்டுச்சு. அந்த கேஸு உன் கைல வந்து குந்திச்சு. நீயே வேணான்னு எழுதிக் குடுத்துட்டு வந்து எனக்குக் கணக்கு சொல்லிகினு கீற." நான் மறுபடியும் விளக்க ஆரம்பித்தேன். அதுதான் நான் செய்திருக்கக் கூடாதது. அன்றைக்கு அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த மாதமே அவளுடைய அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனார். ஆட்டோவில் ஏறும்போது அப்பாவிடம், "வரேன் மாமா," என்றாள். என் பக்கம் திரும்பவில்லை. சித்தப்பாவின் படத்தைப் புடவைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனாள். சுவரில் அது இருந்த இடத்தில் இன்னும் ஆணி இருக்கிறது.

நான் செய்தது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதை வைத்துக்கொண்டு எனக்கு என்ன கிடைத்தது என்று யோசித்தால் ஒன்றும் இல்லை. அந்த வாயு வெளியே வந்திருந்தால் செத்திருக்கக்கூடிய யாரோ ஒருவர் இன்றைக்கு எங்கோ உயிரோடு இருக்கலாம், அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தீ ஸ்டிக்கர் ஒட்டிய மிஷினில் கவனக்குறைவாக வேலை செய்து யாராவது தீக்காயம் பட்டார் என்று காதில் விழும்போதெல்லாம், அந்த ஆளைத்தான் நான் காப்பாற்றவில்லையோ என்று நினைத்துக்கொள்வேன். உனக்கும் உன் வேலையில் ஒரு நாள் இந்த மாதிரி வரும். சரியானதைச் செய்தால் மனது நிறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, மறுநாள் வேலைக்குப் போக வேண்டியதுதான். ரிட்டயர் ஆகிறவரைக்கும் நான் அப்படித்தான் போனேன். எரியாததும், பூமியைச் சுடாததும், கரண்டை விழுங்காததும், நம் ஊர் வெயிலைத் தாங்குவதுமான ஒரு வாயுவை நான் பார்க்காமலேயே வெளியே வந்துவிட்டேன்.

இனி உன் முதல் கேள்வி. வாங்கு. அந்தப் பன்னிரண்டாவது மாடியில் மேற்கு வெயில் முழுதும் உன் படுக்கையறைச் சுவரில்தான் அடிக்கும், கைக்குழந்தையை அதில் போட முடியாது. என் சின்ன வயதில் விருதுநகரில் நாங்கள் பார்த்த வெயில் வேறு, உன் பிள்ளை பார்க்கப்போகும் வெயில் வேறு. அந்த வெயிலைச் செய்ததில் என்னுடைய வேலைக்கும் பங்கு இருக்கிறது என்பதை நான் மறக்கவில்லை. தீ முத்திரை போட்ட மிஷினாகவே வாங்கு, அதற்குப் பயப்படாதே, அது உண்மையைச் சொல்கிறது. அறைக்கு வேண்டியதற்கு மேல் பெரிதாக வாங்காதே. வெளிப்பெட்டியைக் கண்ணாடி போட்டு மூடிய பால்கனியில் வைக்கிறேன் என்று பில்டர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே, காற்று போய்வருகிற இடம்தான் வேண்டும். குளிர்ச்சி குறைந்தால் கேஸ் மட்டும் அடைத்துவிட்டுப் போகச் சொல்லாதே. எங்கே கசிகிறது என்று பார்த்துச் சரிசெய்து, மிச்சத்தை எடுத்துவிட்டு, எடை போட்டு அடைக்கச் சொல். என்ன அடைத்தார் என்று மிஷின் மேலேயே அவர் கையால் எழுதச் சொல். வருகிறவர் வேலை செய்யும்போது எல்லாச் சன்னலையும் திறந்து வை. அவருக்குத் தண்ணீர் கொடு. கோடையில் அவருக்கு அன்றைக்கு உன்னுடையது எத்தனையாவது வீடோ தெரியாது. சீக்கிரம் முடியுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் இரண்டாவது கேள்விக்காக நேற்று பஸ் ஏறித் திருமழிசைக்குப் போனேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. போவதாக அப்பாவிடம் சொன்னேன், "போய்ட்டு வா" என்றார், பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தார். செல்வி இப்போது அண்ணன் வீட்டில் இல்லை. திருமழிசை எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறாள், பக்கத்திலேயே ஒரு வீட்டின் மாடியில் ஷீட் போட்ட ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாள். முடி பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். பிறகு, "வாக்கா, வெயில்ல நிக்காத," என்றாள்.

உள்ளே சுவரில் ஒரு ஏசி இருந்தது. புதியது. பக்கவாட்டில் தீ முத்திரை ஸ்டிக்கர். நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். "போன கோடைல மயக்கம் போட்டு வுழுந்துட்டேன். டாக்டரு இந்த ஷீட்டுக்குக் கீழ இப்டியே இருந்தா தாங்காதுன்ட்டாரு. இன்னா பண்றது, வெயிலு நம்ம கதையெல்லாம் கேக்குமா?" என்றாள். தண்ணீர் கொடுத்தாள். நித்யாவுக்கு எத்தனையாவது மாதம் என்று கேட்டாள். வளைகாப்புக்கு வரவேண்டும் என்று சொன்னேன். "புருசன் இல்லாதவள வளைகாப்புக்குக் கூப்டுவாங்களா?" என்றாள். கதிர்தான் கூப்பிடச் சொன்னான், சித்தி கையால் முதல் வளையல் போடவேண்டும் என்றான் என்றேன். நீ அப்படிச் சொல்லவில்லை, நான்தான் சேர்த்துக்கொண்டேன். சொன்னதாகவே வைத்துக்கொள். அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாயுவைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

எனக்கு வியர்த்துக்கொட்டுவதைப் பார்த்து எழுந்துபோய் ஏசியைப் போட்டாள். போட்டுவிட்டு, வாசல் கதவை நன்றாகத் திறந்து, அது சாத்திக்கொள்ளாதபடி ஒரு தண்ணீர்க் குடத்தை முட்டுக் கொடுத்தாள். இருந்த ஒரே சன்னலையும் திறந்துவிட்டாள். "தெனமும் இப்டித்தான்க்கா," என்றாள். "சாத்திகினு இருக்க பயமா கீது." இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். மிஷின் முழுமூச்சாக ஓடிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் குளிர்ந்த காற்றும், கதவு வழியாக லாரிகள் போகிற ரோட்டுச் சூடும் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அப்படி ஓடினால் எவ்வளவு கரண்ட் வீணாகும், அந்த அறை எப்போதும் குளிராது என்பதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கதவைச் சாத்து என்று நான் சொல்லவில்லை. கிளம்புகிற வரைக்கும் அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அம்மா